வில்லெடுத்த ஆசிரியர்: றோஜர் அஸ்கமும் அவர்தம் நூலும்

கற்பிக்குந் தொழிலை மேற்கொண்ட ஒருவன் தன் பொழுதிற் சிறிதை ஏட்டுக்குப் புறம்பாகச் செலவிடுதல் தகுமோ என்னும் வினா புதியதன்று. ஏறக்குறைய நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செயின்ற் ஜோன்ஸ் கல்லூரியிலே கிரேக்கம் பயிற்றிய ஓர் இளம் ஆசிரியர்மீது இக்குற்றஞ் சாட்டப்பெற்றது. அவர் வில்லுங் கையுமாக வெளியிலே நிற்கும் நேரம் மிகுதி என்றும், கற்றார்க்கு அது பொருந்தாது என்றும் உடனிருந்தோர் குறை கூறினர். அவ்வாசிரியர் வாளா இருந்தாரல்லர். தம் செயலுக்கு விடையாக ஒரு நூலையே எழுதி அச்சேற்றினார். றோஜர் அஸ்கம் என்பது அவர் பெயர். 1545 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் பெயர் 'தொக்ஸோபிலஸ்'. கிரேக்கச் சொற்களாலாகிய இப்பெயரை 'வில்லன்பன்' எனத் தமிழாக்கலாம். ஆங்கிலத்தில் வில்வித்தைக்கென எழுந்த முதல் நூல் இதுவே.

வரலாற்றாசிரியர் பலர் இதனை நாட்டுப்பற்றினால் எழுந்த போர்க்கருவி நூலாகக் கொள்வர். அது பிழையன்று, ஆயினும் முழு உண்மையுமன்று என்பது என் துணிபு. படைக்கலம் ஒன்று படைக்கலமாதலை ஒழிந்து பொழுதுபோக்காக மாறும் எல்லையில் நின்று, அம்மாற்றத்தை அறியாமலே அதற்கு இலக்கணம் வகுத்தவர் அஸ்கம் என்பதைக் காட்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யோர்க்ஷயரிலே கேர்பி விஸ்க் என்னுஞ் சிற்றூரில் 1515 ஆம் ஆண்டளவிற் பிறந்த அஸ்கம், இளமையிலேயே சேர் ஹம்பிறி விங்பீல்ட் என்னும் பெருமகனாரின் இல்லத்திற் சேர்க்கப்பட்டு அங்கே வளர்ந்தார். விங்பீல்ட் சட்டம் வல்லவர். பின்னாளிற் பொதுமக்கள் சபையின் சபாநாயகராயும் இருந்தவர். அவர் தம் இல்லத்துச் சிறுவர்க்கு நூற்கல்வியோடு வில்லும் பயிற்றுவித்தார். இலண்டன் சென்று மீளும்போதெல்லாம் வில்லும் அம்பும் வாங்கிவருவாராம். சிறுவரைத் தாமே வயலுக்கு அழைத்துச் சென்று எய்விப்பாராம். செவ்விதின் எய்தவனுக்கே சிறந்த வில்லும் அம்பும் கிட்டுமாம். இதனை அஸ்கம் பிற்காலத்து நன்றியோடு நினைந்து எழுதியுள்ளார். பிரம்பைப் பற்றியன்றிப் பரிசைப் பற்றியே அவர்தம் முதற் கல்வி நினைவு அமைந்திருத்தல் கருதத்தக்கது. 1530 இற் கேம்பிரிட்ஜ் புகுந்து, 1534 இற் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே ஆசிரியராயமர்ந்த பின்னரும் அவர் வில்லைக் கைவிட்டிலர். இடையே நெடுநாட் காய்ச்சலால் வருந்தி யோர்க்ஷயரிற் கிடந்ததும் உண்டு. உடல்நலங் குன்றிய ஒருவர்க்கு வெளிக்காற்றும் தோளசைவும் எத்துணை வேண்டற்பாலன என்பதை அவர் ஏட்டினால் மட்டும் அறிந்தவரல்லர்.

இனி, அக்காலத்து இங்கிலாந்தில் வில் பெற்றிருந்த இடத்தை நோக்குவாம். கிறெஸி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர் (1415) என்னும் போர்க்களங்களிற் பிரான்சியக் குதிரைவீரரைச் சாய்த்தது ஆங்கிலேயரின் நெடுவில். அவ்வெற்றியைத் தந்த கைகள் தளராதிருத்தற்பொருட்டு அரசர்கள் சட்டங்களை ஒன்றன்மேலொன்றாக இயற்றினர். 1363 இல் மூன்றாம் எட்வேட், உடல்வலியுடைய ஒவ்வோர் ஆடவனும் விழா நாட்களில் வில் பயிலல் வேண்டுமென்றும், பந்தாட்டம், சேவற்போர் முதலியவற்றில் ஈடுபடுவோர் சிறையிடப்படுவர் என்றும் ஆணையிட்டான். 1472 இல் வேறொரு சட்டம், வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் சரக்கின் ஒவ்வொரு தொன்னுக்கும் நான்கு வில்தண்டுகள் கொணர்தல் வேண்டுமென விதித்தது; வில்லுக்குச் சிறந்த யூ மரம் உள்நாட்டிற் போதியதாகவும் தரமுடையதாகவும் கிடைத்திலது. எட்டாம் ஹென்றியின் 1541 ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் நுணுக்கமானது. ஏழு வயது நிரம்பிய ஆண்பிள்ளைக்குத் தந்தை ஒரு வில்லும் இரண்டு அம்பும் வாங்கிக்கொடுத்தல் வேண்டும். பதினேழு வயதுக்கு மேல் அம்பு நான்காகும். இருபத்துநான்கு வயதைக் கடந்தவன் 220 யாருக்குக் குறைந்த தொலைவிலுள்ள இலக்கை எய்தலாகாது. இருநூறு யாருக்கு அப்பால் இலக்கு வைத்து எய்யாதவன் குற்றவாளி ஆவான் என்பது கேட்க வியப்பாகவே உள்ளது.

ஒரு விதி திரும்பத் திரும்ப விதிக்கப்படுமாயின் அது பின்பற்றப்படவில்லை என்பதே பொருள். வரலாறு பயிலும் மாணவர் இதனை மனத்திருத்தல் நன்று. தாமும் விரும்பிப் பயின்று மக்களையும் சட்டத்தாற் பயிற்ற முயன்ற எட்டாம் ஹென்றியாலும் வில்லின் தளர்ச்சியைத் தடுத்தல் இயலவில்லை. சட்டத்தின் ஏவலால் வயலுக்கு வந்த குடியானவன் இரண்டு அம்பை எய்துவிட்டுப் பந்தாடப் போயினான் போலும்.

இவ்விடத்திலேயே அஸ்கம் வேறு வழி காண்கின்றார். ஆங்கிலேயர் வில்லை மறப்பது அவர்தம் சோம்பலினால் மட்டுமன்று. முறையாகக் கற்பிப்பார் இல்லாமையாலும், கருவியின் இயல்பை அறியாமையாலுமே என்பது அவர் கருத்து. இளமையிற் செம்மையாகக் கற்றவன் ஏவாமலே எய்வான். அரசன் சட்டத்தில் நாடியதை ஆசிரியர் கல்வியில் நாடினார் எனலாம்.

நூல் இரு பகுதிகளையுடையது. பிளேற்றோவின் முறையைத் தழுவி உரையாடலாக அமைந்தது. உரையாடுவோர் இருவர்: தொக்ஸோபிலஸ் என்னும் வில்லன்பனும், பிலோலோகஸ் என்னும் நூலன்பனும். தொடக்கமே நகைச்சுவை வாய்ந்தது. நூலன்பன் வரும்போது வில்லன்பனே வெயிலிற் பிளேற்றோவின் நூலொன்றைக் கையிலேந்திப் படித்துக்கொண்டிருக்கின்றான்! 'நீர் மிகைபடப் படிக்கின்றீர்; கண்ணுக்கும் உடலுக்கும் இஃது ஆகாது' எனும் பொருள்பட நூலன்பனே அவனை எச்சரிக்கின்றான். வில்லெடுத்தவன் ஏட்டைப் பகைத்தவன் அல்லன் என்பதை வாதமின்றியே நிறுவிய திறம் இது. வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த காலத்திற் பகலிற் கற்பித்தும் இரவில் விளக்கடியிற் குனிந்தும் பிடரிநோவை வாங்கிக்கொண்ட எனக்கு, இப்பகுதியைப் படித்தபோது முறுவலும் சிறிது நாணமும் உண்டாயின.

முதற் பகுதியில் வில்லின் புகழ் விரித்துரைக்கப்படுகின்றது. சித்தியர், பாரசீகர், உரோமப் படைத்தலைவன் கிராசஸை வீழ்த்திய பார்த்தியர் எனப் பழைய வரலாற்றுச் சான்றுகள் அடுக்கி வருகின்றன. இவற்றிற் சில ஆசிரியரின் கல்விப் பெருமையைக் காட்டுதற்கே வந்தன என்று சொல்லத் தோன்றுகின்றது. கற்றார்க்கேற்ற பொழுதுபோக்கு யாது என்னும் ஆராய்ச்சியே அப்பகுதியின் உயிர். வீணை போன்ற நரம்புக்கருவிகள் உள்ளத்தை மெலிவிக்கும் என்று அவர் ஒதுக்குவதை நம்மவர் ஏற்கமாட்டார். சூதாட்டத்தையும் சீட்டாட்டத்தையும் அவர் பக்கம் பக்கமாகக் கடிகின்றார். விந்தை என்னெனில், அவர் சூதிலும் சேவற்போரிலும் மிக்க விருப்புடையராய் இருந்து வறியராகவே இறந்தார் என்று வில்லியம் கம்டன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருப்பதேயாம். சேவற்போரைப் பற்றியும் ஒரு நூல் எழுதுவதாக அஸ்கமே பின்னாளில் வாக்களித்திருத்தலின் இக்கூற்றை முற்றாகத் தள்ளுதற்கில்லை. தாம் கடிந்ததைத் தாமே விட்டொழிக்க மாட்டாத ஆசிரியர் எக்காலத்தும் உளர்.

நூலை ஆங்கிலத்தில் இயற்றியதும் ஒரு துணிவே. இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எழுதுதல் தமக்கு எளிதாயிருந்திருக்கும் என்றும், ஆங்கில மாந்தர்க்குரிய ஆங்கிலப் பொருளை ஆங்கில மொழியிலேயே எழுத முற்பட்டதாகவும் அவர் முன்னுரையிற் கூறுகின்றார். அறிஞர் மொழியில் எழுதினாற் புகழ் வரும். வில்லேந்தும் குடியானவனுக்கு அது பயன்படாது. கலைச்சொல் இல்லாத இடத்தில் அவர் அம்பு செய்வோரும் எய்வோரும் வழங்கிய சொற்களை எடுத்தாண்டார். நம் தாய்மொழியில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க முற்பட்ட தலைமுறையினர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர்.

இரண்டாம் பகுதியே நூலின் சிறப்புப் பகுதி. எய்வோனுக்கு வேண்டுங் கருவிகளான கைக்கட்டு, விரலுறை, நாண், வில், அம்பு ஆகியவற்றை முதலில் ஒவ்வொன்றாக ஆராய்கின்றார். வில்லுக்கு யூ மரமே தலைசிறந்தது. அம்பின் இறகுக்கு வாத்தினிறகே ஏற்றது. பின்னர் எய்தற்றொழிலை ஐந்தாகப் பகுக்கின்றார்: நிற்றல், தொடுத்தல், வலித்தல், நிறுத்தல், விடுத்தல். பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என வில்லோர் நிலையை நான்காக வகுத்து நிகண்டிற் பெயரிட்டுவைத்த மொழியினராகிய நமக்கு நிற்றலே முதற்கண் வைக்கப்பட்டது புதுமையன்று. ஆயினும் நாண் இழுத்த கை ஒரு கணம் நின்று பின் விடுதலைத் தனியுறுப்பாகக் கண்டது நுண்ணிய நோக்கு. அந்நிறுத்தல் மிக நீளுமாயின் வில் முறியினும் முறியும்; மிகக் குறுகுமாயின் குறி தவறும்.

பிழைபட எய்வோரைப் பற்றிய பகுதியைப் படிக்கும் எவரும் நகையாதிரார். ஒருவன் இலக்கைக் கடிக்கப் போவான்போலத் தலையை நீட்டுகின்றான். ஒருவன் விழி பிதுங்க நோக்குகின்றான். ஒருவன் உதட்டைக் கடிக்கின்றான். ஒருவன் கழுத்தைக் கோணுகின்றான். வேறொருவன் அம்பு கைவிட்டுப் போன பின்னரும் அதனைத் திருப்பிவிடலாமென எண்ணியோ துள்ளிக் குதித்து ஓடுகின்றான். தம் வகுப்பிற் கண்டவற்றை நினைந்து எழுதுகின்ற ஆசிரியரின் குரலே இதிற் கேட்கின்றது.

இந்நூலில் யான் பலகால் மீண்டு படித்த இடம் ஒன்றுண்டு. காற்றின் இயல்பை அறியாதவன் நெடுந்தொலைவு இலக்கை எய்தல் அரிது. ஆனாற் காற்றோ கண்ணுக்குப் புலனாகாது. ஒருமுறை அஸ்கம் யோர்க்ஷயரிலே தொப்கிளிப் என்னும் ஊருக்கும் பரோபிறிட்ஜுக்கும் இடையே குதிரையிற் சென்றார். நிலமெங்கும் பனி இறுகிக் கிடந்தது, அதன்மேலே தூளாகிய பனி தளர்ந்து கிடந்தது, வெயிலும் எறித்தது. காற்று அத்தூளை வாரிச் சென்றபோது காற்றின் வழியே கண்ணுக்குத் தெரிந்ததாம். அது பரந்து வீசவில்லை. தாரை தாரையாக ஓடிற்று. ஒரு தாரையிற் பனித்தூள் விரைந்தோட, அதன் மருங்கே மற்றொரு பகுதி அசைவற்றுக் கிடந்தது. சிறிது நேரத்தில் ஓடியது நிற்க, நின்றது ஓடிற்று. நேராகச் சென்றது குறுக்கே திரும்பிற்று. குதிரைமீதிருந்தே இவற்றை நோக்கியவர், அதுவரை இலக்குத் தவறியதன் காரணங்களைத் தம்முள் எண்ணிப்பார்த்தார். போருக்குப் பயிலும் வீரன் இவ்வாறு பனித்தூளை வியந்து நிற்றல் அரிது. பயன் கருதாது ஒன்றில் ஈடுபட்டவனுக்கே இத்தகைய கண் வாய்க்கும். எனவேதான் இதனைப் பொழுதுபோக்கு நூல் என்றேன்.

அஸ்கத்தின் நோக்கு ஏட்டறிவு மட்டுமன்று என்பதற்குக் கடலடியிலிருந்தே ஒரு சான்று கிடைத்தது. அம்புக்குரிய மரங்களை ஆராயுமிடத்து, போரம்புகளை இக்காலத்தார் செய்வதுபோல ஆஸ்பென் என்னும் பொப்லர் இன மரத்தாற் செய்யாது, ஆஷ் மரத்தாற் செய்தல் நன்று என்றும், அதுவே விரைவும் கனத்த அடியும் உடையது என்றும் அவர் எழுதியிருந்தார். இது கல்லூரி ஆசிரியர் ஒருவரின் குறைகூறல் என்று தள்ளிவிடக்கூடியதே. ஆனால் நூல் வெளிவந்த அதே 1545 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் தேதி, 'மேரி றோஸ்' என்னும் அரச போர்க்கப்பல் போட்ஸ்மத் துறைக்கு அண்மையில், எட்டாம் ஹென்றியின் கண்முன்னே மூழ்கியது. 1982 இல் அதன் உடல் மேலே கொணரப்பட்டது. சேற்றினுள்ளே பாதுகாக்கப்பெற்று, நூற்றுக்கு மேற்பட்ட நெடுவில்களும் 3,500 க்கு அதிகமான அம்புகளும் அக்கப்பலிலிருந்து கிடைத்தன. அம்புகளை ஆராய்ந்தபோது அவற்றுட் பெரும்பாலானவை பொப்லர் மரத்தாலானவை எனத் தெரிந்தது. அரசனின் படைக்கலச்சாலையில் நிகழ்வதை அஸ்கம் உள்ளவாறே அறிந்திருந்தார். அவர் உரைத்ததும் கப்பல் காத்துவைத்ததும் நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஒன்றையொன்று தழுவியமை வரலாறு கற்பார்க்கு எய்தும் அரிய இன்பங்களுள் ஒன்று.

அரசன் நூலை விரும்பி ஏற்று, ஆண்டுக்குப் பத்துப் பவுண் உதவிப்பணம் வழங்கினான். மூன்றாண்டுகளின் பின், 1548 இல், இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியராகும் பேறும் அஸ்கத்துக்கு வாய்த்தது. இன்று கல்வித்துறையினர் அவரை அறிவது அவர் 1568 இல் மறைந்த பின்னர், 1570 இல், மனைவியாரால் வெளியிடப்பெற்ற 'பள்ளியாசிரியன்' என்னும் நூலாலேயாம். ஈற்றன் கல்லூரி மாணவர் சிலர் அடிக்கு அஞ்சி ஓடிவிட்டனர் என்னும் செய்தி 1563 இல் வின்சர் அரண்மனையில் ஒரு விருந்தின்போது பேசப்பட, அதன்வழி எழுந்த நூல் அது. அச்சுறுத்தியன்றி அன்பினாலே கற்பித்தல் வேண்டும் என அதில் வற்புறுத்தினார். அக்கொள்கையின் வித்து விங்பீல்டின் வயலிலே விழுந்ததென்று கொள்ளுதல் மிகையாகாது.

ஆயினும் அவர் காக்க முனைந்த போர்வில் காக்கப்படவில்லை. சேர் ஜோன் சிமைத் என்னும் படைஞர் 1590 இல் வில்லுக்காக வன்மையாக வாதாடினார். பயனில்லை. 1595 இல் அரசியின் ஆலோசனைச் சபை, பயிற்சிபெற்ற படையணிகள் வில்லை விடுத்துத் துப்பாக்கியை ஏந்துமாறு பணித்தது. துப்பாக்கியைச் சில கிழமைகளிற் பழக்கலாம். நெடுவில்லை இழுக்கவல்ல தோள் உருவாக ஆண்டுகள் பல செல்லும்.

ஏவுவார் எவருமில்லாத நிலையிலும் வில் அழிந்துபோகவில்லை. யோர்க்ஷயரிலே ஸ்கோட்டன் என்னும் ஊரில் 1673 இல் வெள்ளியம்புப் போட்டி தொடங்கிற்று. இலண்டனில் நிகழ்ந்த மறுமலர்ச்சியே அஸ்கத்தை நேரே நினைவூட்டுவது. அந்நகரில் இயற்கைப் பொருட்காட்சிச்சாலை ஒன்றை நடத்திய சேர் அஷ்டன் லீவரிடம் தோமஸ் வாறிங் என்பவர் பணிபுரிந்தார். மேசையில் நெஞ்சை அழுத்திக்கொண்டு ஓயாது எழுதியமையால் அவருக்கு மார்பு நோவு உண்டாயிற்றென்றும், அதனைப் போக்க வில்லெடுத்துப் பயின்று நலமுற்றாரென்றும், அதுகண்ட லீவரும் வில்லெடுத்தாரென்றும் வழிவழி கூறுவர். 1781 இல் அவர்கள் நிறுவிய சங்கத்துக்கு இட்ட பெயர் 'தொக்ஸோபிலைற் சங்கம்'. அஸ்கத்தின் நூற்பெயரே சங்கப்பெயராயிற்று. ஆறாண்டுகளின் பின் வேல்ஸ் இளவரசர் அதன் புரவலரானார். அவ்வாண்டே தோன்றிய வேறொரு சங்கம் மகளிரையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் எய்துமாறு பணித்தோர் ஆடவரே. மகளிரை எய்துமாறு எச்சட்டமும் ஏவவில்லை. அவர்களோ விரும்பி வந்தனர். 1908 இல் இலண்டனில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில் முதற்பரிசு பெற்ற குவீனி நியூவல் அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று.

இறுதியாக, அஸ்கத்தோடு முரணிய மாணாக்கர் ஒருவரைப் பற்றியும் கூறல் வேண்டும். ஹொறஸ் போட் என்பவர் 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினொரு முறை இங்கிலாந்தின் முதல்வராக விளங்கியவர். 1857 இற் செல்ற்றனாமில் 288 அம்புகளை எய்து 245 ஐ இலக்கிற் பதித்து 1251 புள்ளிகள் பெற்றவர். 1856 இல் அவர் எழுதிய நூல், அஸ்கத்தின் ஐந்துறுப்புப் பகுப்பை ஆராய்ந்து, ஓரிடத்தில் ஆசானை மறுக்கின்றது. நாணைச் செவிவரை வலித்தல் வேண்டும் என்பது அஸ்கத்தின் பழைய போர்வில் மரபு. அவ்வாறு வலிப்பின் அம்பு கண்ணின் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும். குறுகிய தொலைவில் நிலைத்த இலக்கை எய்வோன், கண்ணுக்கு நேர்கீழே அம்பு அமையுமாறு வலித்தலே முறை என்றார் போட். குதிரைவீரனின் இரும்புக் கவசத்தைப் பிளக்க வேண்டியவனுக்குச் செவிவரை இழுத்தல் வேண்டியதாயிற்று. புற்றரையில் வைக்கோற் பலகையை நோக்கி நிற்பவனுக்கு அத்துணை வலிமை வேண்டுவதில்லை. இன்று வில் பயிலச் செல்லும் இளைஞன் நாணைத் தாடையளவில் நிறுத்தக் கற்கின்றான். ஆனால் நிற்றலிலிருந்தே அவனுக்குப் பாடம் தொடங்குகின்றது.